கடலோரத்தில் ஃப்ரீ ஜாஸ்: கேட்க வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாங்கள் மூன்று பேர். ஒருவர் டெனார் சாக்சபோன், ஒருவர் ஆள் உயரத் தந்தி வாத்தியமான டபுள் பேஸ், நான் டிரம்ஸ். சில நாட்களில் ஒரு தவில் வித்வானும் சேர்ந்துகொள்வார். இராமநாதபுரம் கடலோர ஊர்களான மண்டபம், உச்சிப்புளி, தங்கச்சிமடம், கீழக்கரைப் பக்கங்களில் மாலை நேரத்தில் ஃப்ரீ ஜாஸ் வாசிக்கிறோம். மைக் கிடையாது, பாட்டுப் பட்டியலும் கிடையாது. வாசித்து முடித்ததும் கேட்டவர்கள் சுற்றி நின்று கேள்வி கேட்பார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு, அங்கே நின்ற நிலையில் சொல்ல முடியாத அளவுக்கு விரிவாக, இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஃப்ரீ ஜாஸ் என்பது என்ன?

ஜாஸில் வழக்கமாக முதலில் ஒரு மெட்டு வரும். அதன் அடியில் கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள், ஒரு வரிசையில் சுற்றிச் சுற்றி வரும். வாசிப்பவர் தன் கற்பனையை அந்த வரிசைக்குள் நிறுத்தி வாசிப்பார். அவர் சுற்று முடிந்ததும் அடுத்தவர் தொடங்குவார். 1950களின் கடைசியில் சிலர் அந்த வரிசையையே எடுத்துவிட்டார்கள். அவர்களில் முக்கியமானவர் ஆர்னெட் கோல்மன். 1930இல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரில் பிறந்தவர். அந்தக் காலத்தில் பிளாஸ்டிக்கில் செய்த ஆல்டோ சாக்சபோன் ஒன்றை வைத்திருந்தார். 1959 நவம்பரில் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் அவருடைய நால்வர் குழு வாசிக்க ஆரம்பித்ததும், பெரிய பெரிய ஜாஸ் கலைஞர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள்.

1960 டிசம்பர் 21ஆம் தேதி அவர் எட்டுப் பேரை இரண்டு நால்வர் குழுக்களாக நிறுத்தி, ஏறக்குறைய 37 நிமிடம் இடைவிடாமல் வாசித்துப் பதிவு செய்தார். ஒரு குழு இடது ஒலிபெருக்கியில், இன்னொன்று வலதில். ‘ஃப்ரீ ஜாஸ்’ என்று அந்த இசைத்தட்டுக்கு வைத்த பெயர்தான் இந்த இசைக்கே நிலைத்துவிட்டது. அந்தப் பதிவிலும் ஒவ்வொருவருடைய முறைக்கும் முன்னால் எழுதிவைத்த சிறு துணுக்குகள் உண்டு என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு வாசித்தார்கள் என்பது கேட்காதவர்கள் சொல்லும் கதை.

என்னைக் கேட்டால், இந்த இசையைக் கேட்க ஒரு வழிதான் இருக்கிறது. என்ன மெட்டு என்று தேடாதீர்கள். யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்று பாருங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாம் இதற்குள் அடக்கம்.

ஒத்திகையே பார்க்காமலா வாசிக்கிறீர்கள்?

நிறைய ஒத்திகை பார்க்கிறோம். ஒரு உருப்படியை மனப்பாடம் செய்வதில்லை, அவ்வளவுதான். ஒத்திகையில் செய்வது வேறு மாதிரியான வேலை. மூவரும் ஒரே சுரத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாசிப்போம். தலைமாட்டில் குழந்தை தூங்கினாலும் எழாத அளவு மெதுவாக வாசிப்போம். ஒருவர் சட்டென்று நிறுத்தினால் மற்ற இருவரும் அந்த இடத்தை நிரப்பாமல் விட்டுவைக்கப் பழகுவோம். இந்தக் கடைசிப் பழக்கம்தான் ரொம்பக் கஷ்டம். காலி இடத்தைக் கண்டால் கை தானாகப் போகும்.

“தம்பி, இதுக்கு சுருதி யாரு புடிக்கிறது?”

உச்சிப்புளிப் பக்கம் ஒரு பெரியவர் கேட்டது. வாழ்நாள் முழுக்கத் திருவிழாக்களில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவர். எங்களிடம் இதுவரை வந்த கேள்விகளில் இதைத்தான் நான் உயர்வாக நினைக்கிறேன்.

நாகஸ்வர மேளத்தில் ஒத்து ஊதுபவர் இருப்பார். கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே, ஒரே சுரத்தை அறுந்துபோகாமல் பிடித்துக்கொண்டிருப்பார். முன்னால் நிற்பவர் எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வர அது ஒரு வீடு. எங்கள் இசையில் அப்படி நிலையாக ஒருவர் இல்லை. பேஸ் வாசிப்பவர் வில்லை எடுத்து அடித் தந்தியில் ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டிருந்தால், அந்த நேரத்துக்கு அதுதான் சுருதி. சாக்சபோன் அதன் மேல் ஏறி நிற்கும். கொஞ்ச நேரத்தில் பேஸ் அதைக் கைவிட்டு வேறு பக்கம் போகும். அப்போது சாக்சபோன் என்ன செய்கிறது என்பதைக் கவனியுங்கள். பழைய சுரத்தைத் தானே பிடித்துக்கொள்ளலாம், பேஸின் பின்னால் போகலாம், இரண்டையும் மறுத்து மூன்றாவது இடத்துக்குப் போகலாம். அந்த முடிவை ஒருவர் எடுப்பது உங்கள் கண் முன்னால் நடக்கிறது.

பெரியவரிடம் இதைச் சொன்னபோது, “அப்ப மூணு பேரும் மாத்தி மாத்திப் புடிக்கிறீங்க” என்றார். சரியாகச் சொன்னார்.

இது நம் ராக ஆலாபனை, கற்பனை ஸ்வரம் மாதிரிதானே?

உறவு உண்டு, ஒன்றல்ல. மேடையில் அந்த நேரத்தில் பிறக்கும் இசையை மதித்து, பணம் கொடுத்து, மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்ட சமூகம் நம்முடையது. நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்துக்காக விடிய விடிய நின்ற ஊர்களுக்கு மனோதர்மம் என்றால் என்ன என்று நாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஃப்ரீ ஜாஸ் கேட்பதற்கான காது தமிழனுக்கு ஏற்கெனவே பாதி இருக்கிறது என்று நான் முழுதாக நம்புகிறேன்.

வித்தியாசம் இங்கே இருக்கிறது. ராகத்தை மட்டும் விரித்துக் காட்டும் ஆலாபனையில் அதன் இலக்கணம் எல்லோருக்கும் தெரியும். ஒரு அன்னிய சுரம் விழுந்தால் முன்வரிசையில் இருப்பவர் முகம் சுளிப்பார். சரிகம சுரங்களை அந்த நேரத்தில் கோத்துப் பாடும் கற்பனை ஸ்வரத்தில் தாளமும், வரி தொடங்கும் இடமான எடுப்பும் நிலையாக நிற்கும். பிரதான வித்வான் ஒருவர், மற்றவர்கள் பக்கவாத்தியம். எங்களிடம் சாக்சபோன் முன்னால் நின்றாலும், எப்போதும் அவர் சொல்படி மற்ற இருவர் போவதில்லை. பேஸ் அவரை இழுத்துக்கொண்டு போகும் நேரம் உண்டு. நான் வாசிப்பதை நிறுத்தியதாலேயே இசை திசை மாறிய மாலைகளும் உண்டு. தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில், கோர்வை என்ற முடிப்பு எங்கே வந்து விழும் என்று சபை முழுக்க விரலால் எண்ணிக்கொண்டிருக்கும். அந்த விழுகிற இடம் எங்களுக்கு முன்கூட்டித் தெரியாது. அதனால் வருகிற பயமும் இந்த இசையின் பகுதிதான்.

தாளமே இல்லையே, எப்படிச் சேர்ந்து போகிறீர்கள்?

எண்ணிக்கை இல்லை. ஓட்டம் இருக்கிறது. 1960களில் சன்னி மரே என்ற டிரம்ஸ் கலைஞர் அடியை எண்ணிக் காட்டும் வேலையை விட்டுவிட்டு, உலோகத் தாளமான சிம்பலை அலையலையாகப் பெருக்கியும் குறைத்தும் வாசித்தார். சாக்சபோன் கலைஞர் ஆல்பர்ட் அய்லர் 1964 ஜூலையில் சாக்சபோன், பேஸ், டிரம்ஸ் மட்டும் வைத்துப் பதிவு செய்த ‘ஸ்பிரிச்சுவல் யூனிட்டி’ தட்டில் அதைக் கேட்கலாம். நான் கற்றது அந்த வழி.

கரையில் நின்று இரண்டு பக்கக் கயிறுகளால் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு எளிதில் புரியும். இரண்டு கயிற்றுக்கும் இடையே நெடுந்தூரம் இருக்கும். இந்தப் பக்கம் இழுப்பவர்கள் அந்தப் பக்கத்துக்காரர்களின் வேகத்தைக் கயிற்றில் வரும் கனத்தை வைத்தே தெரிந்துகொண்டு தளர்த்துவார்கள், இறுக்குவார்கள். எங்களுக்குள் இருக்கும் கணக்கும் அப்படிப்பட்டதுதான்.

சாக்சபோன் ஏன் சில நேரம் அலறுகிறது? அது வாசிக்கத் தெரியாததாலா?

இல்லை. அதற்குத்தான் பல வருடப் பயிற்சி தேவைப்படுகிறது.

சாக்சபோன் பித்தளையில் செய்தது. ஆனால் ஒலி பிறப்பது ஊதுவாயில் கட்டிய ஒற்றை நாணல் பட்டையில். அதை ரீட் என்போம். நாகஸ்வரத்தின் சீவாளியும் நாணல்தான், அது இரட்டை. இரண்டு கருவிக்கும் உட்குழல் மேலே குறுகி கீழே விரிந்து போகும். அதனால்தான் திறந்த வெளியில் இரண்டும் அப்படிக் கணீரென்று ஒலிக்கின்றன. பெல்ஜியத்துக்காரரான அடால்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிசில் சாக்சபோனுக்குக் காப்புரிமை பெற்றபோதும், இராணுவ வாத்தியக் குழுக்கள் வெளியில் வாசிப்பதை மனதில் வைத்திருந்தார்.

எந்தச் சுரத்தை ஊதினாலும் அதற்குள் மேல்சுரங்கள் பல மறைந்திருக்கும். தொண்டையின் வடிவத்தையும் உதட்டின் இறுக்கத்தையும் மாற்றி, அந்த மேல்சுரத்தில் ஒன்றை மட்டும் வெளியே இழுக்கலாம். அதுதான் நீங்கள் கேட்கும் கீச்சென்ற உச்சக் குரல். விரல்களை வழக்கத்துக்கு மாறாக வைத்தால் குழலுக்குள் காற்று பிளந்து, ஒரே மூச்சில் இரண்டு மூன்று சுரங்கள் கரகரவென்று சேர்ந்து வரும். ஊதிக்கொண்டே தொண்டைக்குள் முனகினால் உறுமல். இவை மூன்றும் வேறு வேறு வித்தை. எங்கள் சாக்சபோன்காரர் உறுமலில் தொடங்கி, அதைப் பிளந்து, உச்சக் குரலுக்குக் கொண்டு போய், மூச்சு தீரும் இடத்தில் வெறும் காற்றாக விடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால், கழுத்து நரம்பு ஒவ்வொரு கட்டத்திலும் இடம் மாறுவது தெரியும்.

துக்க வீட்டில் பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைக்கும்போது குரல் உடைகிறது. அதை யாரும் அபசுரம் என்று சொல்வதில்லை. மனிதக் குரலுக்கு நாம் கொடுக்கும் அந்த உரிமையை ஒரு கருவிக்கும் கொடுங்கள் என்று கேட்கிறேன்.

கீபோர்டு, கிட்டார் சேர்த்தால் இன்னும் இனிமையாக இருக்குமே?

இருக்கலாம். ஆனால் கார்டு வாசிக்கும் கருவி ஒன்று இருந்தால், சாக்சபோன் ஊதும் எந்தச் சுரமும் அதற்குப் பொருந்துகிறதா இல்லையா என்று காது அளக்க ஆரம்பித்துவிடும். அந்த அளவுகோலை எடுத்துவிடத்தான் கோல்மன் பியானோ இல்லாமல் வாசித்தார். எங்களுக்கும் அதே காரணம்.

அப்படியானால் தப்பு என்று ஒன்றே கிடையாதா?

உண்டு. மற்றவரைக் கேட்காமல் வாசிப்பது தப்பு. போன வாரம் கைதட்டல் வாங்கிய ஒன்றை இன்றும் அப்படியே கொண்டு வந்து வைப்பது தப்பு. சத்தமாக வாசித்தால் உணர்ச்சி வந்துவிடும் என்று நம்புவது பெரிய தப்பு. வாசிப்பவர்களே இதில் அதிகமாக விழுகிறார்கள்.

எப்போது முடிக்க வேண்டும் என்று எப்படித் தெரிகிறது?

சில நாள் தெரியாது. முடிந்துவிட்டது என்று இருவர் நினைக்கும்போது மூன்றாமவர் புதிதாக ஒன்றைத் தொடங்குவார். பெரும்பாலும் மூச்சுதான் அடையாளம். சாக்சபோன்காரர் நீளமாக மூச்சை இழுத்துவிட்டு ஊதாமல் நின்றால், நான் கையை எடுத்துவிடுவேன். ஒன்று மட்டும் வேண்டுகோள்: கைதட்ட அவசரப்படாதீர்கள்.

எந்த இடத்தில், எந்த மாதத்தில் வாசிக்கிறீர்கள்?

காற்றுதான் இடத்தை முடிவு செய்கிறது. மண்டபத்தில் நிலம் ஒடுங்கி, வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது நம் பகுதிக்காரர்களுக்குத் தெரியும். வாடை வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், அப்போது தென்கரைக்குப் போய்விடுவோம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழுந்தால் தெற்கே மணல் பறக்கும், வடகரை அமைதியாக இருக்கும். படகுக்காரர்கள் செய்வதைத்தான் நாங்களும் செய்கிறோம். காற்று எதிரே இருந்தால் ஊதுவாயின் ஓரத்தில் சீறி, மெல்லிய சுரங்களைத் தின்றுவிடும். அதனால் எப்போதும் காற்றுக்கு முதுகு காட்டி நிற்போம், கேட்பவர்கள் எங்களுக்கு முன்னால் உட்காரலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக் குடும்பங்கள் கரையில் இருக்கும் காலம் என்பதால் கூட்டம் கூடுதலாக வரும். கையில் காசு இல்லாத காலமும் அதுதான். அந்த நாட்களில் யாரும் துண்டில் காசு போடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவோம்.

உப்புக்காற்றில் கருவிகள் கெட்டுப்போகாதா?

கெடும். சாக்சபோனில் பெரும்பாலான சாவிகளைத் தம் இடத்துக்குத் திருப்பி நிறுத்துவது ஊசி போன்ற ஒரு எஃகுக் கம்பி. உப்பு அதைத்தான் முதலில் அரிக்கும். ஒருநாள் வாசிப்பின் நடுவில் அது முறிந்தால் அந்தச் சாவி தன் இடத்துக்குத் திரும்பவே திரும்பாது. துளையை மூடும் தோல் மெத்தைகள் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். சிகரெட் சுற்றும் மெல்லிய தாளை இடையில் வைத்து, சாவியை மெதுவாக அழுத்தி ஈரத்தை எடுக்க வேண்டும். கருவியை மணலில் வைக்கவே கூடாது. ஒரு மணல் துகள் சாவியின் அச்சுக்குள் புகுந்தால் போதும், சிக்கிக்கொள்ளும். பனையோலைப் பாய் விரித்து, அதன் மேல் துணி விரித்து, அதன் மேல்தான் வைப்போம். வீட்டுக்குப் போனதும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிட்டு, உலர்ந்த துணியால் மறுபடி துடைக்க வேண்டும்.

டபுள் பேஸ் மரம். ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கி, ஒட்டிய இடங்கள் விடும். மழைக்காலத்தில் அதை வெளியே கொண்டு வருவதில்லை.

தொழுகை, பூசை நேரங்களில்?

பாங்கு சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்துவோம், முடிந்த பிறகு சற்றுப் பொறுத்துத் தொடர்வோம். தேவாலயத்தில் திருப்பலி என்றாலும், கோவிலில் தீபாராதனை என்றாலும் அப்படியே. இதைத் தொந்தரவாக நாங்கள் ஒருபோதும் நினைத்ததில்லை. நிறுத்தி மீண்டும் தொடங்கும்போது பழைய இடத்துக்கு யாரும் திரும்புவதில்லை. பல நாள் அதற்குப் பிறகு வந்ததுதான் நல்ல வாசிப்பு.

தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்தின் முன்னால் வாசித்தால் எவ்வளவு அழகாக இருக்கும்! ஏன் செய்வதில்லை?

செய்ய மாட்டோம். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அந்த ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து போன ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் இன்னும் இதே கரையில் இருக்கின்றன. அவர்களின் இழப்பை எங்கள் படத்துக்குப் பின்னணித் திரையாக்க எங்களுக்கு உரிமை இல்லை.

சினிமா பாட்டு வாசிப்பீர்களா?

மாட்டோம். பாட்டு மேல் கோபம் எதுவும் இல்லை. இந்த மாலைகள் வேறு ஒன்றுக்காக.

சாக்சபோனுக்கும் நம் இசைக்கும் உண்மையில் தொடர்பு இருக்கிறதா?

இருக்கிறது, இரண்டு பக்கமும். கத்ரி கோபால்நாத் நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்து, ஆல்டோ சாக்சபோனில் சில மாற்றங்கள் செய்து, அதில் கமகம் என்னும் சுர அசைவைப் பேச வைத்தார். 1994இல் வெளிவந்த ‘டூயட்’ படத்தின் வழியாக அந்தக் குரல் தமிழ்நாட்டின் எல்லா வீட்டுக்கும் போனது. 2008இல் அமெரிக்க ஜாஸ் சாக்சபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு ‘கின்ஸ்மென்’ தட்டில் வாசித்தார். எதிர்த் திசையிலும் பயணம் நடந்தது. பாஸ்டனில் பிறந்த சார்லி மரியானோ, பெயர்பெற்ற ஆல்டோ சாக்சபோன் கலைஞர், நாகஸ்வரத்தை முறையாகக் கற்றுத் தன் இசையில் வாசித்தார். அமெரிக்க சாக்சபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1961இல் ஒரு உருப்படிக்கு ‘இந்தியா’ என்றே பெயர் வைத்தார், தன் மகனுக்கு ரவிசங்கரின் நினைவாக ரவி என்று பெயரிட்டார்.

இராமநாதபுரத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. ராம்நாட் கிருஷ்ணன், நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய மாபெரும் பாடகர், 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்திலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கர்நாடக இசை கற்பித்தார். கோல்மனின் அந்த எட்டுப் பேர் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர்களில் ஒருவரான எட் பிளாக்வெல் 1970களில் அதே பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். தனியாக ஒரே ஒரு ஆல்டோ சாக்சபோனை வைத்து இரண்டு தட்டு நிறைய வாசித்துக் காட்டிய ஆன்டனி பிராக்ஸ்டன் 1990களில் அங்கே கற்பித்தார். ஆக, சேதுச் சீமையான இராமநாதபுரத்தின் பெயர் கொண்ட பாட்டும் ஃப்ரீ ஜாஸும் அந்த ஒரே பல்கலைக்கழகத்தில் பாடமாக இருந்திருக்கின்றன. “இது எங்கேயோ உள்ள இசை, நமக்கெதற்கு” என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

வீட்டில் கேட்க எதில் தொடங்கலாம்?

கோல்மனின் 1959 தட்டு ‘தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்’. அதில் முதல் உருப்படி ‘லோன்லி வுமன்’. டிரம்ஸ் வேகமாக ஓட, அதன் மேல் சாக்சபோனும், டிரம்பெட்டின் உறவான கார்னெட்டும் மெதுவாக அழுகிற மாதிரி ஒரு மெட்டை இழுக்கும். இரண்டு வேகத்தையும் ஒரே நேரத்தில் காதில் வைத்திருக்கப் பழகுங்கள். பிறகு கோல்ட்ரேன் 1967 பிப்ரவரியில் ரஷீத் அலியின் டிரம்ஸோடு மட்டும் வாசித்த ‘இன்டர்ஸ்டெல்லர் ஸ்பேஸ்’. தவிலும் நாகஸ்வரமும் எதிரெதிரே நின்று பேசுவதைக் கேட்ட காதுக்கு அது அன்னியமாகவே இருக்காது. ஜெர்மனியின் சாக்சபோன் கலைஞர் பீட்டர் புரோட்ஸ்மன் 1968இல் செய்த ‘மெஷின் கன்’ தட்டை மட்டும் முதல் நாள் போடாதீர்கள். அதைத் தாங்குவதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போகலாமா? குழந்தைகளைக் கூட்டி வரலாமா?

தாராளமாக எழுந்து போகலாம். குழந்தைகளைக் கட்டாயம் கூட்டி வாருங்கள், பெரியவர்களைவிட அவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். சாக்சபோனின் வாய்க்கு நேர் எதிரே மட்டும் உட்கார வைக்காதீர்கள், காது வலிக்கும்.

நானும் என் கருவியை எடுத்து வந்து சேர்ந்து வாசிக்கலாமா?

வாருங்கள். முதல் பகுதியில் உட்கார்ந்து கேளுங்கள், இரண்டாம் பகுதியில் சேர்ந்துகொள்ளுங்கள். தவில், உறுமி, பறை, நாகஸ்வரம், எதுவானாலும் சரி. எங்கள் சுருதிக்கு மாற்றிக் கட்ட வேண்டாம், உங்கள் கட்டையிலேயே வையுங்கள். தவில்காரர்களுக்கு மட்டும் ஒரு சொல்: தவிலின் வலது முகமான வலந்தலையின் சொல் வேகத்துக்கு என் டிரம்ஸ் ஈடு கொடுக்காது, ஆகையால் நீங்கள் இறங்கினால் நான் குச்சியை விட்டு, மெல்லொலி தரும் பிரஷ்ஷுக்கு மாறிவிடுவேன். அதை ஒதுங்குவதாக எடுத்துக்கொள்ளாமல் தொடர்ந்து வாசியுங்கள். தவில் வாசிக்க விரலில் கூடு கட்ட நேரம் பிடிக்குமே, அதனால் மாலை ஐந்தரை மணிக்கே வந்துவிடுங்கள்.